பழைய படகின் கார்பன் பாய்மரத்துக்குப் புதுப் பூச்சு

கார்பன் இழையால் ஆன பாய்மரம் துருப்பிடிக்காது, உளுத்துப்போகாது, ஆகவே அதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்று பழைய படகு விற்பவர்கள் சொல்வதுண்டு. முதல் இரண்டும் உண்மைதான். ஆனால் அவற்றை வைத்து மூன்றாவதைச் சொல்லிவிட முடியாது. இழை கெடுவதில்லை என்றாலும், இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் எப்பாக்ஸிப் பிசின் வெயிலில் கெடும். அந்தக் குழாயின் மேல் திருகப்பட்ட அலுமினியப் பாகங்கள் உப்புநீரில் கெடும். இவை இரண்டையும் நம் கண்ணிலிருந்து மறைத்து நிற்கும் வெள்ளைப் பூச்சுக்கும் ஓர் ஆயுள் உண்டு. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நாரகான்செட் விரிகுடாவில் நான் ஓட்டிவரும் 30 அடி ஃப்ரீடம் படகின் பாய்மரத்தைச் சென்ற இலையுதிர் காலத்தில் இறக்கி, பழைய பூச்சை முழுவதும் நீக்கி, வசந்தத்தில் புதிதாகப் பூசி முடித்தேன். அந்த வேலையில் பூசுவது மிகச் சிறிய பகுதி என்பதையும், பெரும்பகுதி நேரம் எதில் போயிற்று என்பதையும் விரிவாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் இந்தப் பாய்மரத்தைப் பற்றிச் சில செய்திகள். விளம்பரத் துறையில் பணியாற்றியவரும், போர்ட்டோ ரிக்கோவின் சார்பில் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகளில் கலந்துகொண்டவருமான கேரி ஹோய்ட் 1970களின் நடுவில் தொடங்கிய நிறுவனம் ஃப்ரீடம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்களே வேண்டாம் என்பது அவருடைய கொள்கை. வடம் இல்லாத பாய்மரத்துக்கு அலுமினியத்தைவிட விறைப்பும் வலிமையும் மிகுந்த, அதே சமயம் எடை குறைந்த ஒரு பொருள் தேவைப்பட்டதால், அந்நாளில் விமானத் துறைக்கு வெளியே அதிகம் புழங்காத கார்பன் இழையை அவர்கள் கையிலெடுத்தார்கள். இந்தப் படகுகளைக் கட்டியது ரோட் ஐலண்டின் வாரன் நகரில் இருந்த டில்லட்சன் பியர்சன் தொழிற்சாலை. கண்ணாடி இழைப் படகுகளைப் பெருந்தொகையாகத் தயாரிக்க முடியும் என்று 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 28 அடி டிரைட்டன் படகின் மூலம் காட்டிய பியர்சன் உறவினர்களில் ஒருவரான எவரெட் பியர்சன் அதன் நிறுவனர்களில் ஒருவர். ஜே 24 என்ற பந்தயப் படகுகள் வெளிவந்ததும் அங்கிருந்துதான். பிற்காலத்தில் அதே நிறுவனம் காற்றாலை இறக்கைகள் செய்வதில் பெயர் பெற்றது. என் படகு கேரி மல் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது; 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதாவது இந்தக் கார்பன் குழாய்க்கு வயது நாற்பதை நெருங்குகிறது. கார்பன் பாய்மரம் என்றால் புதுமை என்று இன்றும் நினைப்பவர்கள் இதை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.

வடம் கட்டிய பாய்மரம் முதன்மையாக அழுத்தத்தைத் தாங்குகிறது. வடங்கள் பக்கவாட்டு விசையை எடுத்துக்கொள்கின்றன. வடம் இல்லாத பாய்மரமோ கோயில் கொடிமரம் போல அடியில் மட்டும் பிடிமானம் பெற்று நிற்பது. பாயில் அடிக்கும் காற்றின் விசை முழுவதும் வளைவாக மாறி, பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் கழுத்துப் பகுதியில் உச்சத்தை அடைகிறது. அங்கிருந்து கீழே அடிப்பீடம் வரையிலும், மேலே உச்சி வரையிலும் அது குறைந்துகொண்டே போகும். அதனால்தான் குழாய் கழுத்தில் பருத்தும் உச்சியில் மெலிந்தும் செய்யப்பட்டிருக்கிறது. நல்ல காற்றில் உச்சி கண்ணுக்குத் தெரியும்படி வளைந்து கொடுக்கும். அந்த வளைவே பாயின் மேற்பகுதியிலிருந்து மிகுதிக் காற்றை வெளியேற்றிவிடும். இத்தனை வளையும் ஒரு பரப்பின் மேல் நாம் பூசும் பூச்சும் வளைய வேண்டும் என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பூச்சில் இருந்த விரிசல்களில் பெரும்பாலானவை இதனால்தான் வந்திருந்தன: பல உரிமையாளர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிய அடுக்குகள் தடித்து, விறைத்து, வளைவைத் தாங்க முடியாமல் வெடித்திருந்தன.

கிரேன் வந்து பாய்மரத்தை உருவியெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. வடங்கள் இல்லாத படகில் கழற்ற வேண்டியவை குறைவு: மின்கம்பிகள், கழுத்தைச் சுற்றியுள்ள ஆப்புகள், மழைநீர் இறங்காமல் கட்டியிருக்கும் உறை, அவ்வளவுதான். உருவிய பாய்மரத்தைப் படகுகளைப் பழுதுபார்க்கும் யார்டின் கொட்டகைக்குள் நுரைத்துண்டு வைத்த தாங்கிகளின் மேல் கிடத்தியதும் முதல் வேலை நன்னீரில் கழுவுவது. உப்பு ஒட்டியிருக்கும் பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் உப்பைத்தான் உள்ளே தேய்ப்போம். பிறகு மெழுகும் சிலிக்கானும் போகும்படி ஒரு கையில் கரைப்பான் நனைத்த துணியும் மறு கையில் உலர்ந்த துணியுமாகத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். நனைந்த துணி அழுக்கைக் கிளப்பும். அது உலர்வதற்குள் உலர்ந்த துணி அள்ளிவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் மெழுகு இடம் மாறுமே தவிர நீங்காது.

அடுத்ததுதான் இந்த வேலை முழுவதிலும் பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி: விரிசல்களைப் படிப்பது. பூச்சில் தெரியும் கோடு பூச்சோடு நிற்கிறதா, அடியில் உள்ள கார்பன் வரை இறங்கியிருக்கிறதா என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கோடு இருக்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் பூச்சைத் தேய்த்து எடுத்தேன். பெரும்பாலான இடங்களில் பூச்சோடு கோடும் போய்விட்டது. சந்தேகம் எஞ்சிய இடங்களில் ஒரு துணியில் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆல்கஹால் சில நொடிகளில் ஆவியாகிப் பரப்பு மங்கலான கருஞ்சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த ஆல்கஹால் கடைசியாகத்தான் போகும் என்பதால், சுற்றிலும் உலர்ந்த பின்னும் மயிரிழை போல ஒரு கருங்கோடு சற்று நேரம் தங்கி நிற்கும். பாய் ஏறி இறங்கும் அலுமினியத் தண்டவாளமான பாய் டிராக்கின் திருகாணித் துளை ஒன்றின் ஓரத்தில் அப்படியொரு கோடு தங்கியது. நகத்தளவு நீளம், நெடுக்குவாட்டில். நெடுக்குவாட்டுக் கோடு பெரும்பாலும் இழைகளுக்கு இடையே பிசின் பிளந்ததால் வருவது. அஞ்ச வேண்டியது குறுக்குவாட்டுக் கோட்டுக்கு. கார்பன் இழைக் குழாய் இழுவையைத் தாங்கும் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்குவதில்லை. வளையும் பாய்மரத்தின் உட்புறம், அதாவது காற்று தள்ளும் திசையில் உள்ள பக்கம், அழுந்துகிறது. அந்தப் பக்கத்தில் கழுத்துக்கு அருகே இழைகள் நொடிந்தால் அது பாய்மரத்தைச் சுற்றி ஓடும் குறுக்குக் கோடாகவே வெளிப்படும். அத்தகைய கோடு கார்பனில் தென்பட்டால் பூச்சு வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, மீயொலிக் கருவியோடு வரும் வல்லுநரை அழைப்பதுதான் முறை. எனக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை.

கண்ணுக்குப் பின் காது. ஒரு நாணயத்தின் விளிம்பால் பாய்மரத்தை அடியிலிருந்து உச்சி வரை இரண்டு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே போவது பழைய முறை. இன்றும் அதற்கு மதிப்பு குறையவில்லை. கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும்; அடுக்குகள் பிரிந்த இடம் மொத்தென்று கேட்கும். ஆனால் குழாயின் சுவர் உச்சியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால் ஒலியும் தானாகவே மாறும். படிப்படியாக மாறும் ஒலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே இடத்தில் சட்டென்று மாறினால் அங்கே நிற்க வேண்டும். சந்தேகப்பட்ட இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, மறுநாள் காலையில் வேறு யாரையாவது தட்டச் சொல்லி, வட்டத்தைப் பார்க்காமல் அவர்களும் அதே இடத்தில் நிற்கிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம். ஒரு நாள் முழுக்கத் தட்டிய காது எதையும் மொத்தென்றே கேட்கும்.

உலோகப் பாகங்களைக் கழற்றும்போதுதான் கார்பன் பாய்மரத்தின் உண்மையான பகையாளி யார் என்பது தெரியவரும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்வேதி வரிசையில் அது அலுமினியத்தைவிட வெகுதொலைவு உயர்ந்த இடத்தில் இருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு மின்கலம்; அதில் கரைவது அலுமினியம். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறிப் பருத்து, தன் மேலுள்ள பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்கும். பாயின் அடி விளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பமான பூம் மாட்டியிருந்த அலுமினியத் தாங்கியின் ஓரத்தில் இருந்த கொப்புளங்களைக் கத்தி முனையால் திறந்தபோது உள்ளே இருந்தது அந்தப் பொடிதான். தாங்கியின் பின்புறம் அம்மைத் தழும்பு விழுந்த முகமாக இருந்தது. துருவேறா எஃகு இவ்வளவு மோசமாகப் பாதிக்கப்படாது. ஆனால் எஃகுத் திருகாணி அலுமினியத்தின் வழியாகக் கார்பனுக்குள் போகும் இடத்தில் மூன்றும் சேர்ந்துகொள்வதால் திருகாணி அலுமினியத்தோடு இறுகிவிடும். இறுகிய திருகாணியைச் சூடுகாட்டிக் கழற்றலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கார்பனுக்கு அருகே சூடு காட்டுவதற்கு எல்லை உண்டு. எப்பாக்ஸி இளகத் தொடங்கும் வெப்பநிலையைத் தாண்டினால் திருகாணி வரும், மரை பிடித்திருந்த சுவரும் அதோடு வரும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி இரவு முழுவதும் விட்டு, சாலிடர் ஊசியைத் திருகாணியின் தலையில் மட்டும் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, மெல்லத் திருகியதில் பெரும்பாலானவை வந்தன. வராதவற்றின் தலையைத் துளைத்தெடுத்தேன்.

பழைய பூச்சை நீக்குவதா, அதன் மேலேயே பூசுவதா என்று யார்டில் பலரும் கேட்டார்கள். முழுவதும் நீக்குவது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் அழகு அன்று, எடை. படகு சாயும் அச்சிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் ஒரு கிலோ கூடினால், அதைச் சமன்செய்ய அச்சுக்கு ஒரு மீட்டர் கீழே 12 கிலோ கூட்ட வேண்டும். இலேசான பாய்மரத்துக்காக ஒருவர் கார்பனைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அதன் மேல் நாற்பது ஆண்டுகளுக்கான பெயின்ட்டையும் பட்டியையும் ஏற்றி வைப்பது பொருளற்றது. நீக்குவதற்கு இரசாயனக் கரைப்பான்களைத் தொடவே கூடாது. பெயின்ட்டைக் கரைக்கும் மெத்திலீன் குளோரைடு எப்பாக்ஸியையும் விட்டுவைக்காது. அமெரிக்காவில் அது கலந்த பெயின்ட் நீக்கியை நுகர்வோருக்கு விற்பதை 2019இலேயே தடைசெய்துவிட்டார்கள் என்பது வேறு. சூடான காற்றுத் துப்பாக்கியும் கூடாது, மணல் வீச்சும் கூடாது. எஞ்சுவது உப்புத்தாள் ஒன்றுதான்.

உறிஞ்சுகுழாய் பூட்டிய சுழல் தேய்ப்பானில், வளைந்த பரப்புக்கு ஏற்ற மெத்தென்ற நுரை வட்டை வைத்து, 80 எண் தாளில் தொடங்கினேன். இந்த வேலையில் வழிகாட்டுவது தூசியின் நிறம். மேல் பூச்சு வெள்ளையாக வரும். அடியில் உள்ள பிரைமர் சாம்பல் நிறமாக வரும். அந்தச் சாம்பலில் கருமை கலக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். கருந்தூசி என்றால் இழையை அறுக்கத் தொடங்கிவிட்டோம் என்று பொருள். ஓர் இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 140இல் ஒரு பங்கு. தேய்ப்பானுக்கு அதை அறுப்பது ஒரு பொருட்டே இல்லை. பிரைமரின் மெல்லிய படலம் அங்கங்கே எஞ்சியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அது நன்றாக ஒட்டியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கருந்தூசிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மின்கடத்தி. காற்றில் மிதந்து மின்கருவிகளின் உட்புறத்திலும் சுவர்ச் செருகிகளிலும் படிந்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். தோலில் குத்தி நமைச்சல் தரும் என்பதால் முழுக்கை ஆடையும், நுண்துகள் வடிகட்டும் முகக்கவசமும் இன்றிக் கொட்டகைக்குள் நுழைவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வெற்றுக் கார்பன் தெரிந்ததும் அந்தக் கருப்பு நெசவைப் பார்த்து மயங்கி, பெயின்ட்டே அடிக்காமல் தெளிந்த வார்னிஷ் மட்டும் பூசலாமே என்று சிலருக்குத் தோன்றும். பந்தயப் படகுகளில் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சில ஆண்டுகளில் பாய்மரத்தையே மாற்றிவிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது. கார்பன் ஒளியை ஊடுருவ விடாததால் புற ஊதாக் கதிர் ஆழமாக இறங்குவதில்லை. ஆனால் மேலே இருக்கும் மெல்லிய பிசின் படலத்தைச் சுண்ணாம்புபோல் உதிர்த்துவிடும், பிறகு இழைகள் பிசிராகத் தலைநீட்டும், அவற்றின் வழியே நீர் இறங்கும். அதைவிட முக்கியமானது சூடு. அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி பொதுவாக 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவில் தன் விறைப்பை இழக்கத் தொடங்கும். சூட்டறையில் இறுக்கிய பாய்மரத்துக்கு அந்த எல்லை உயரம்தான். ஆனால் நாம் பின்னர் செய்யும் பழுதுகளும் பட்டியும் அறை வெப்பத்தில் இறுகியவையே. காற்றில்லாத ஜூலை நண்பகலில் கருப்புப் பரப்பு 70 டிகிரியைத் தாண்டிவிடும். வெள்ளைப் பரப்பு கை வைத்தால் தாங்கும் சூட்டில் நிற்கும். என் பாய்மரம் வெள்ளையாக இருப்பதற்கு இதுதான் காரணம். கருப்பு, அடர்நீலம் எல்லாம் பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

நீக்கிய பரப்பின் மேல் முதலில் எப்பாக்ஸிப் பிசினை மெல்லிய படலமாக உருளையால் இருமுறை பூசினேன். தேய்ந்த இடங்களிலும் துளைகளின் ஓரங்களிலும் இழையின் வாய் மூடிக்கொள்வதற்கு இது. எப்பாக்ஸி இறுகிய பின் அதன் மேல் மெழுகுபோன்ற பிசுபிசுப்பு ஒன்று படியும். அது அமீன் படிவு. அதை உப்புத்தாளால் தேய்த்து நீக்க முயன்றால் தாள் அடைத்துக்கொள்ளும், படிவும் பரவும். வெறும் தண்ணீரும் கரடுமுரடான நாரும் போதும். கழுவிவிட்டுத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே தேய்க்க வேண்டும். பட்டி பார்ப்பதை முடிந்தவரை குறைத்துக்கொண்டேன். கண்ணாடிபோன்ற பாய்மரம் வேண்டும் என்ற ஆசையில் பட்டியை அள்ளி அப்புபவர்கள் உண்டு. அந்தத் தடித்த பட்டிதான் முதலில் வளைவைத் தாங்காமல் விரிசல் விடும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாத பள்ளம் எனக்குப் பள்ளமே இல்லை.

முன்பு சொன்ன அந்த டிராக் துளை ஓரத்துப் பிளவைச் சுற்றி மெல்லத் தேய்த்துப் பார்த்ததில் அது மேல் அடுக்கோடு நின்றது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, இழைத்தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் புதிதாகத் துளைத்து மரை வெட்டினேன். கழற்றிய எல்லாத் திருகாணித் துளைகளுக்கும் இதையே செய்தேன். இப்படிச் செய்யும்போது திருகாணி கார்பனைத் தொடுவதே இல்லை. அடுக்குகள் ஆழமாகச் சிதைந்திருந்தால் இது போதாது: ஒவ்வொரு மில்லிமீட்டர் ஆழத்துக்கும் குறைந்தது 20 மில்லிமீட்டர் தூரம் சரித்து, அடுக்கடுக்காகக் கார்பன் துணி ஒட்ட வேண்டியிருக்கும். வடமில்லாத பாய்மரத்தில் அந்த வேலையை நான் கையில் எடுக்க மாட்டேன். உலோகப் பாகம் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சுற்று மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியால் ஒட்டினேன். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் இடையே அது நிலையான தடுப்பு. பூச்சை மட்டும் தடுப்பாக நம்பினால் ஒரு கீறல் விழுந்ததும் பழைய கதை தொடங்கிவிடும்.

அதன்மேல் எப்பாக்ஸி பிரைமர் இரண்டு முறை. அலுமினியப் பாய்மரத்துக்கு வேண்டிய அரிக்கும் வகை அமிலப் பிரைமர் இதற்குத் தேவையில்லை. முதல் முறை சாம்பல், இரண்டாம் முறை வெள்ளை என்று நிறம் மாற்றிப் பூசினால், 320 எண் தாளில் தேய்க்கும்போது எங்கே மெலிந்துவிட்டது என்பதைச் சாம்பல் நிறமே காட்டிக்கொடுக்கும்.

மேல்பூச்சுக்கு இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேனைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் இரண்டு வகை உண்டு. ஆல்கிரிப் என்ற பெயரில் புகழ்பெற்ற பாலியெஸ்டர் வகை மிகக் கெட்டியானது, பளபளப்பு நீண்ட நாள் நிற்கும். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசித் தேய்த்துச் சுற்றியுள்ள பரப்போடு கலக்கச் செய்ய முடியாது. அக்ரிலிக் வகை சற்று மென்மையானது. தொட்டுப் பூசிப் பளபளப்பாக்க முடியும். பாயை ஏற்றி இறக்கும் ஹாலியர்ட் கயிறும் பாய் வளையங்களும் உராயும் பாய்மரத்துக்குக் கீறல் விழாமல் இருக்கப்போவதில்லை என்பதால் அக்ரிலிக் வகையைத் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு வாங்க வேண்டும் என்பது எளிய கணக்கு: நீளம் 13 மீட்டர், சராசரி விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ ஆறு சதுர மீட்டர். மூன்று முறை பூச இரண்டு லிட்டர் தாராளமாகப் போதும். கடையில் எப்போதும் இதைவிட அதிகமாகவே வாங்கச் சொல்வார்கள்.

இந்தப் பூச்சை இறுகவைக்கும் பாகமான ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்குப் போனால் சிலருக்கு நிரந்தரமான ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாங்காது. பீய்ச்சி அடிக்கும்போது அது நுண்துளிகளாக மிதப்பதால், வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி கட்டாயம். சாதாரணக் கரிம வடிகட்டி முகக்கவசத்தை அதற்கு நம்பக் கூடாது. நான் பீய்ச்சவில்லை. உருளையால் பூசி, தூரிகையால் நீவிவிடும் முறையில் செய்தேன். அப்போதும் கரிம வடிகட்டி முகக்கவசம், கையுறை, திறந்த கதவு மூன்றும் இருந்தன. உருளையால் பூசிய பாய்மரத்துக்கும் பீய்ச்சிய பாய்மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தளத்தில் நின்று கண்டுபிடிப்பவரை இன்னும் சந்திக்கவில்லை.

இருவர் வேண்டிய வேலை இது. பாய்மரத்தின் இரு முனைகளிலும் மரக்கட்டையைச் செருகி, அதன் நடுவில் ஒரு குழாயைப் பொருத்தித் தாங்கியில் ஏற்றியிருந்ததால், அதைத் திருப்பித் திருப்பிப் பூச முடிந்தது. நான் நுரை உருளையோடு முன்னால் போக, என் மனைவி மென்மயிர்த் தூரிகையோடு பின்னால் வந்து, உருளை விட்ட குமிழ்களை நுனியால் நீவினாள். தூரிகை ஈரப் பூச்சிலிருந்து இன்னும் காயாத விளிம்பை நோக்கியே போக வேண்டும். விளிம்பு இறுகிவிட்டால் தூரிகைத் தடம் அப்படியே நின்றுவிடும். “நீங்க ரெண்டடி போயிட்டு நில்லுங்க, நான் வந்த அப்புறம் போங்க, அங்க என்ன ரயிலா போகுது?” என்றாள். வேகத்தை நிர்ணயிக்க வேண்டியது தூரிகை பிடிப்பவர்தான். வெப்பம் கூடினால் தூரிகைக்கு உரிய தின்னரைச் சற்றுக் கூட்ட வேண்டும். பீய்ச்சுவதற்கான தின்னர் மிக விரைவாக ஆவியாகும் என்பதால் இதற்கு உதவாது. பரப்பின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், பூசி முடித்த பின்னும் சில மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். கடலோர ஊரில் மே மாத மாலையில் ஈரப்பதம் ஏறினால் புதுப் பூச்சு பளபளப்பை இழந்து மங்கிவிடும். எனவே காலையில் கொட்டகை சூடேறியதும் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

திரும்பப் பூட்டும் வேலையில் பாய் டிராக்கைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரோமீட்டர் நீளும். கார்பன் குழாய் நெடுக்குவாட்டில் ஏறத்தாழ நீள்வதே இல்லை. ரோட் ஐலண்டின் ஜனவரி இரவுக்கும் ஜூலை நண்பகலுக்கும் இடையே உலோகத்தின் வெப்பநிலை 60 டிகிரி மாறும் என்றால், 12 மீட்டர் டிராக்கின் நீளம் 16 மில்லிமீட்டருக்கு மேல் மாற முயலும். ஒரே துண்டாக இறுக்கித் திருகினால் அந்த விசை முழுவதும் திருகாணிகளின் மேல் விழும். முனைகளில் உள்ளவை தளர்ந்து துளைகள் நீள்வட்டமாகும். அதனால் டிராக்கைத் துண்டுகளாக, இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு, அடியில் நைலான் பட்டை வைத்து, ஒவ்வொரு திருகாணிக்கும் உலோக அரிப்பைத் தடுக்கும் டெஃப்-ஜெல் பசையைத் தடவிப் பூட்டினேன். பாய் வளையம் துண்டுக்குத் துண்டு தடையின்றி ஏற, துண்டுகளின் ஓரங்களை அரத்தால் சற்று மழுக்க வேண்டியிருந்தது.

மின்னலைப் பற்றியும் யார்டில் ஒரு விவாதம் நடந்தது. கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால் பாய்மரமே இடிதாங்கியாகிவிடும் என்று ஒருவர் வாதிட்டார். கடத்தும், ஆனால் செம்பைவிட ஆயிரம் மடங்கு அளவுக்குத் தடையோடு கடத்தும். அந்தத் தடையில் பிறக்கும் சூடு பிசினை ஆவியாக்கி அடுக்குகளைப் பிரித்துவிடும். பாய்மரத்துக்குள் உச்சியிலிருந்து, படகின் அடியிலுள்ள கனமான அடிப்பாரம் வரை தடித்த செம்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினேன். நேரடியாக இடி விழுந்தால் அது முழுப் பாதுகாப்பு தரும் என்று நான் எண்ணவில்லை.

கடைசிப் பூச்சுக்குப் பின் இரண்டு வாரம் எதையும் அதன் மேல் கட்டவில்லை. தொட்டால் காய்ந்திருப்பதும் கிரேன் பட்டையின் அழுத்தத்தைத் தாங்குமளவுக்கு இறுகியிருப்பதும் வேறு வேறு. பாய்மரம் நிறுத்தப்பட்ட பின் கழுத்தில் ஆப்புகளைச் சுற்றிலும் சமமாக இறுக்கினேன். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் வளைவின் உச்சமும் உராய்வும் ஒரே இடத்தில் சேரும். அடிப்பீடத்தில் நீர் வடியும் துளையில் ஒரு கம்பியை விட்டு அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பாய்மரத்தின் உள்ளே இறங்கும் மழைநீர் தேங்கி நிற்பது அங்கேதான், குளிர்காலத்தில் உறைந்து குழாயின் அடியைப் பிளப்பதும் அங்கேதான்.

இனிச் செய்ய வேண்டியவை சில்லறை வேலைகள். பருவத்தின் முடிவில் நன்னீரில் கழுவுவது, பளபளப்புக்காகச் சொரசொரப்பான மெருகுப்பசை எதையும் போடாமல் இருப்பது, துறையில் கட்டியிருக்கும்போது ஹாலியர்ட் கயிறுகள் பாய்மரத்தில் அடித்துக்கொண்டிராதபடி விலக்கிக் கட்டுவது, கழுத்தின் உறையை ஆண்டுக்கொருமுறை அவிழ்த்து அங்குள்ள பூச்சைப் பார்ப்பது. தொட்டுப் பூசுவதற்கு மீதிப் பெயின்ட்டை எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் ஹார்டனரை வைத்திருக்கவில்லை. ஒருமுறை திறந்த ஹார்டனர் டப்பா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு சில மாதங்களில் இறுகிவிடும். தேவைப்படும்போது சிறிய டப்பா புதிதாக வாங்கிக்கொள்வதே சிக்கனம்.